கிணறில்லாத துலா

அந்தத் துலா தரவை வெளியில் கிடந்து கறையானுக்கு இரையானதை நான் கண்ணாரக் கண்டவன். கண்டு மகிழ்ந்தவன். இதை எழுதும்போதும் அந்த மகிழ்ச்சியை ஒளிக்க எனக்கு மனமில்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஏறி ஆடட்டும் என்று அதை அங்கே நாட்டுவித்தவன் நான்தான். எங்கள் வீடுகள் இருந்த ஒழுங்கைப் பிள்ளைகள் ஒருதரமேனும் அதில் ஏறவில்லை. அவர்களை ஏறவிடாமல் நிறுத்திய கடிதம் என் கையெழுத்தில் இருந்தது.

துலா என்றால் என்னவென்று இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். கிணற்றருகே இரண்டு கால்கள் நாட்டியிருக்கும். அவற்றுக்குக் குறுக்கே அச்சுலக்கை. அதில் பொருந்தி ஒரு நீண்ட மரம், அதுதான் துலா. முன் நுனியில் கொடி என்னும் நீண்ட கயிறு தொங்கும், அதன் அடியில் தண்ணீர் இறைக்கும் ஓலைப் பட்டை. ஓர் ஆள் துலாவின்மேல் ஏறி முன்னுக்கு நடந்தால் பட்டை கிணற்றுக்குள் போகும். பின்னுக்கு நடந்தால் தண்ணீரோடு மேலே வரும். எங்கள் அப்பு, என் தகப்பன், இருபது வருடம் அப்படி முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தவர். அது ஏழு பங்குக் கிணறு. கிழமையில் ஏழு நாள், ஏழு வீட்டாருக்கும் ஆளுக்கொரு நாள் முறை. எவருடைய முறையானாலும் துலா மிதிக்க அப்புதான். மிதிக்கலாம், பட்டையைத் தொடக்கூடாது. எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் அம்மா குடத்தோடு போய்க் கிணற்றுக் கட்டுக்கு வெளியே நிற்பாள். யாராவது மனமிரங்கி அள்ளி வார்ப்பார்கள். சில நாள் வார்க்கமாட்டார்கள்.

வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போன காலத்தில் பங்காளர்கள் மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர் மிசின் வாங்கினார்கள். துலாவைக் கழற்றிக் கிணற்றடியில் போட்டார்கள். அப்புவையும் அப்படியே போட்டார்கள். அவர் வேலி அடைக்கவும் ஓலை வெட்டவும் போனார்.

நான் அப்போது எஸ்.எஸ்.சி. சோதனையில் சித்தியடைந்து, நாலு இடத்துக்கு வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தேன். எங்கள் ஒழுங்கையில் கையெழுத்து வைக்கத் தெரிந்த முதல் ஆள். புளியங்கூடலோடு நின்றுபோகும் பஸ் எங்கள் ஊருக்குள்ளும் வரவேண்டும் என்று நான் எழுதிய விண்ணப்பம் பலித்ததால் ஊர்ப் பெரியவர்களுக்கு என் பேனை தேவைப்பட்டது. சனசமூக நிலையத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். பதவி தந்தார்கள், கதிரை தரவில்லை. கதவோரத்து வாங்கில் இருந்து, மடியில் கொப்பியை வைத்துக் கூட்டக் குறிப்பு எழுதுவேன். அதையும் பெருமை என்றுதான் எண்ணினேன். மடையன்.

ஒருநாள் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் வந்து, ஊர் கூடிச் சிறுவர்க்கு ஒரு விளையாட்டிடம் அமைத்தால் சீமெந்து தருவோம் என்றார். அவர் போன பிறகு கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"விளையாடுறதுக்கும் ஒரு இடமோ? மாட்டுக்குப் பின்னாலை ஓடினால் அது விளையாட்டில்லையோ?" என்றார் ஒருவர்.

நான் எழுந்து நின்று, என்ன வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேட்டு அமைக்கலாம் என்றேன்.

"கேளுமன் காணும். அப்பிடியே மழை எப்ப வருமெண்டும் கேட்டுக்கொண்டு வாரும்."

எதிர்ப்பு அவ்வளவுதான். சீமெந்து வருகிறதல்லவா? யார் வேண்டாம் என்பார்கள்?

ஊருக்கு மேற்கே மாடு மேயும் வெட்டை ஒன்று இருந்தது. தரவை என்போம். அது யாருடைய பங்கும் இல்லை. அதனால்தான் அதைத் தெரிந்தெடுத்தேன். என் தங்கைக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் அவளையும் மற்றப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்தினார்கள், சட்டம் அப்படி. பள்ளிக்கூடம் விட்டதும் சட்டமும் விட்டுவிடும். ஒழுங்கையில் எதிரே ஆள் வந்தால் அவள் வேலியோடு ஒட்டி நிற்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் பிள்ளைகள் ஒன்றாக இருக்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தேன். என் நினைப்பு அவ்வளவுதான். அதில் இன்றும் ஒரு குற்றமும் காணேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் இருபது பிள்ளைகள்வரை தரவைக்கு வந்தார்கள். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். ஆளுக்கொரு ஈர்க்கைக் கொடுத்து, "உங்களுக்கு என்ன வேணுமெண்டு மண்ணிலை கீறுங்கோ" என்றேன்.

ஒருவன் பஸ் கீறினான். ஒருவன் ஒரு வட்டத்தைக் கீறிவிட்டு நிழல் என்றான். கிணற்றுப் பங்காளர்களில் மூத்தவரான பெரிய பங்குக்காரரின் பேத்தி, என் தங்கையின் வகுப்புக்காரி, நாலு பக்கமும் வேலி கீறினாள்.

"விளையாடுற இடத்துக்கு ஏன் பிள்ளை வேலி?"

"கடைக்குப் போற ஆம்பிளையள் நிண்டு பாக்காமல்."

எனக்குத் தோன்றியிராத காரணம். குறித்துக்கொண்டேன். பிறகு என் தங்கையிடம் போனேன். அவள் இரண்டு கோடுகளை நிறுத்தி, அவற்றின்மேல் நீளமாக ஒரு கோடு இழுத்திருந்தாள்.

"இதென்ன?"

"துலா," என்றாள். "கிணறில்லாத துலா. ரெண்டு பக்கமும் ஆள் இருக்கிறது."

இருபது பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். அப்போதுதான் தெரிந்தது: துலா கிணற்றில் நின்ற காலத்தில், மத்தியான வெய்யிலில் பெரியவர்கள் படுத்திருக்கும் நேரம், எல்லாப் பிள்ளைகளும் களவாக அதில் ஏறியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும்தான். "நுனியிலை இருந்தால் வயித்துக்கை கூசும்" என்றான் ஒருவன். இரண்டு பக்கமாய் நின்ற பிள்ளைகள் எப்போது ஒன்றாக வந்து அந்தக் கோட்டைச் சுற்றி நின்றார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

"நீதான் முதல் ஏறுவாய்," என்று வீட்டுக்கு வரும் வழியில் தங்கைக்குச் சொன்னேன். வாக்குப் போலச் சொன்னேன்.

அப்புவுக்குச் சொன்னபோது அவர் ஓலையைக் கீற்றாய்க் கிழித்துச் சார்வதை நிறுத்தவில்லை. "துலாவிலை ஏறி விளையாடுறதோ? நான் இருபது வருஷம் ஏறினனான். ஒருநாளும் விளையாட்டாய்த் தெரியேல்லை."

துலாவைக் கேட்கப் பெரிய பங்குக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். நான் முற்றத்தில் நின்றேன். வழக்கமாக எனக்கு அங்கே 'நீ'தான் கிடைக்கும். அன்றைக்கு 'நீர்' கிடைத்தது.

"கிணத்தடியிலை சும்மா கிடக்கிற மரம். கொண்டுபோம். ஆனால் கடிதமாய் எழுதும். ஏழு பங்காளரின்ரை பேரும் இருக்கவேணும். எல்லாரும் ஒப்பம் வைக்கட்டும்."

எழுதினேன். இரவு முழுக்க யோசித்து அழகாக எழுதினேன். முடிவில், யாரும் கேளாமல், நானாகவே ஒரு வரி சேர்த்தேன்: 'மேற்படி துலா எவ்விடத்தில் நாட்டப்பட்டாலும் அதன்மேல் பங்காளர்க்குள்ள உரித்துக்கும் முறைக்கும் யாதொரு பாதகமும் உண்டாகாது.' பழைய காணி உறுதி ஒன்றில் இப்படி ஒரு வரியைப் பார்த்திருந்தேன். வாசிக்கக் கம்பீரமாக இருந்தது. படித்தவன் எழுதியது என்று தெரியவேண்டும் அல்லவா? ஏழு பேரும் ஒப்பம் வைத்தார்கள். பெரிய பங்குக்காரர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்து, "கெட்டிக்காரன்" என்றார். அன்று எனக்கு நிலத்தில் கால் படவில்லை.

சிரமதானத்துக்கு ஊர் முழுவதும் வந்தது. பெண்கள் ஓலை கொண்டுவந்து வேலி அடைத்தார்கள். நிழலுக்குப் பூவரசங் கதியால் நாட்டினோம். துலாவைப் பத்துப் பேர் தோளில் தூக்கி வந்தார்கள். பழைய அச்சுலக்கை உக்கிப்போயிருந்தது. அப்பு எங்கள் வளவுப் பனையின் வைரத்தில் புதிதாக ஒன்று செதுக்கிக் கொண்டுவந்தார். துலாவின் எடை எங்கே சரிபாதியாகும் என்று அளக்க யாரும் கயிறு எடுக்கவில்லை. அப்பு அதன்மேல் ஏறி வெறுங்காலால் நடந்து, ஓர் இடத்தில் நின்று, "இதிலை" என்றார். அதில் துளைத்தார்கள். துலா ஊசி முனையில் நிற்பதுபோல நின்றது. அந்த ஒரு நாள் எனக்கு எல்லாரையும் பிடித்திருந்தது. அதற்காகவும் என்னை நான் மன்னிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் முழுகி, தலை வாரி, வரிசையாகப் போனார்கள். முன்னுக்கு என் தங்கை. வேலிப் படலை வாசலில் பெரிய பங்குக்காரர் நின்றார். கையில் என் கடிதம்.

"இண்டைக்கு என்ன நாள், தம்பி?"

"வெள்ளி, ஐயா."

"வெள்ளி ஆரின்ரை முறை?"

எனக்கு உடனே விளங்கவில்லை. "முறையோ? ஐயா, இது கிணறில்லையே."

"கிணறில்லை. ஆனால் துலா எங்கடைதானே? நீர்தானே வடிவாய் எழுதித் தந்தனீர்." கடைசி வரியை எல்லாருக்கும் கேட்க வாசித்தார். என் சொற்கள் அவர் வாயில் எச்சிலோடு வந்தன. "கிணத்திலை என்ன முறையோ அதுதான் இங்கையும். வெள்ளி நாலாம் பங்கு வீட்டுப் பிள்ளையள்."

"அப்ப இந்தப் பிள்ளையள் எப்ப ஏறுறது?"

சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்ற ஒருவர் முந்திக்கொண்டார். "கிழமையிலை எட்டாம் நாள் வந்து ஏறச் சொல்லும்!"

சிரித்தார்கள். முந்தியநாள் என்னோடு சேர்ந்து மண் வெட்டியவர்களும் சிரித்தார்கள். துலாவில் ஏறாவிட்டாலும் உள்ளே போய் நிழலில் இருக்கட்டுமே என்று கேட்டேன். உள்ளே போனால் கை சும்மா இராது என்றார்கள். பிள்ளைகளை மறைக்க என்று அடைத்த வேலி பிள்ளைகளை மறிக்கும் வேலி ஆயிற்று. தங்கை வீடு வரும்வரை என் கையைப் பிடிக்கவில்லை.

நான் விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "துலா உங்கடை, சரி. அச்சுலக்கை எங்கடை வளவுப் பனை. அப்ப எங்களுக்கும் ஒரு முறை வரவேணும்."

பெரிய பங்குக்காரரின் 'நீர்' அந்தக் கணத்தில் போயிற்று.

"என்னடா, எட்டாம் பங்கு கேக்கிறியோ? இண்டைக்குத் துலாவிலை பங்கு, நாளைக்குக் கிணத்திலை பங்கோ? உன்ரை உலக்கையைக் கழட்டிக்கொண்டு போ. ஊரிலை உலக்கைக்குப் பஞ்சமில்லை."

வீட்டுக்கு வந்து அப்புவிடம் கொட்டினேன். அவர் கேட்டதெல்லாம் இரண்டே கேள்வி.

"கழட்டிக்கொண்டு போகச் சொன்னவரோ?"

"ஓம்."

"எல்லாருக்கும் முன்னாலையோ?"

"ஓம், அப்பு."

"அப்ப சரி."

திங்கட்கிழமை பின்னேரம் கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் போனேன். அன்று பெரிய பங்கு வீட்டு முறை. பேத்தி உயரத்து நுனியில் இருந்தாள். அவளுடைய தம்பி தாழ்ந்த நுனியில். அப்பு படலையைத் திறந்து நேரே உள்ளே போனார். "பிள்ளையள், ஒருக்கால் இறங்கவேணும்" என்று, தம்பி இருந்த பக்கத்து மரத்தை இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்தார். அவன் இறங்கினான். அப்பு பிடியை விடாமல், மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகவிட்டு, மற்ற நுனியில் இருந்த பெட்டையைப் பூப்போல நிலத்தில் இறக்கினார். அவள் கால் நிலத்தில் பட்ட பிறகுதான் கையை எடுத்தார். அதற்குப் பிறகு கோடரியின் பின்பக்கத்தால் நாலு அடி. நான் துலாவைத் தாங்கிக் கீழே விட்டேன். உலக்கை வெளியே வந்தது.

தகவல் போய்ப் பெரிய பங்குக்காரர் சால்வையும் இல்லாமல் ஓடிவந்தார். "டேய்! ஆரைக் கேட்டு உள்ளுக்கை வந்தனி?"

"நயினார்தான் சொன்னியளாம், உலக்கையைக் கொண்டுபோகச் சொல்லி. என்ரை மகன் சொன்னவன்." அப்பு உலக்கையைத் தோளில் ஏற்றினார். "மரத்தைத் தொடேல்லை. எண்ணிப் பாருங்கோ. ஏழு பங்கும் அப்பிடியே கிடக்கு."

அப்பு ஊருக்கு முன்னால் பேசியதில் ஆக நீளமான பேச்சு அதுதான்.

"நாளைக்கே வேறை உலக்கை போடுறன் பாரடா!" என்று பின்னால் குரல் வந்தது.

போடவில்லை. ஓர் உலக்கைக்குப் பனைத்துண்டு ஒன்று போதும். ஊர் முழுவதும் பனை. ஆனால் பனைக்குச் சொந்தக்காரன் இருக்கிறானே. நான் செயலாளராக இருந்த கடைசிக் கூட்டத்தில் அவர்கள் தங்களுக்குள் அடிபட்டதை என் கையாலேயே குறிப்பெடுத்தேன். மூன்றாம் பங்குக்காரர் தன் வளவில் வெட்டித் தருவதாகச் சொன்னார். உடனே ஐந்தாம் பங்குக்காரர் எழுந்தார்.

"உம்மடை உலக்கை வந்தால் பேந்து உமக்கு ரெண்டு நாள் முறை கேப்பீர். உந்தப் புத்தியைப் படிப்பிச்சவன் அந்தா வாங்கிலை இருந்து எழுதுறான்."

"அப்ப உம்மடை பனையை வெட்டும்."

"நான் ஏன் வெட்டவேணும்? பெரிய பங்கு வெட்டட்டும்."

"பெரிய பங்கு வெட்டினால் அவர் கிழமை முழுக்க எடுப்பார்."

ஏழு பேரும் சேர்ந்து கடையில் ஒரு துண்டு வாங்கலாம் என்ற எண்ணம் அவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. எனக்கு வந்தது. வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் என்னை நீக்கினார்கள். துலா விழுந்த இடத்தில் கிடந்தது. இரண்டு மாரி போனது. கறையான் அடியில் தொடங்கியது. நான் வேண்டுமென்றே தரவைப் பக்கத்தால் சுற்றி நடப்பேன், பார்க்க.

அப்பு அந்த உலக்கையைச் சும்மா வைத்திருக்கவில்லை. எங்கள் முற்றத்தில் இரண்டு கட்டை நாட்டி, பிளந்த பனைமரம் ஒன்றை அதில் கோத்தார். துலா அளவு நீளமில்லை, ஆனால் ஆடியது. முதலில் ஏறியவள் என் தங்கை. வாக்கு ஒருவகையில் நிறைவேறியது. எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். முறை என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. அடிபட்டார்கள், அழுதார்கள், ஏறினார்கள்.

அதோடு நிறுத்தினால் எனக்கு நல்ல கதை. ஆனால் இன்னொன்றும் நடந்தது.

பள்ளிக்கூட விடுமுறைக் காலத்தில் ஒரு மத்தியானம், யாழ்ப்பாணத்தில் ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போய், அங்கேயும் ஊரைக் கேட்டு, பேரைக் கேட்டு, பிறகு தகப்பன் தொழிலைக் கேட்டு முகம் மாறிய ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தேன். படலையைத் திறந்தால், முற்றத்து மரத்தில் என் தங்கை உயரத்தில் இருக்கிறாள். கீழ் நுனியில் பெரிய பங்குக்காரரின் பேத்தி. எங்கள் வளவுக்கும் அவர்கள் காணிக்கும் இடையிலான வேலியில், ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் வந்திருக்கிறாள். இரண்டும் வாயெல்லாம் பல். அப்பு ஒரு கரையில் ஓலை சார்ந்துகொண்டிருந்தார், இது தினமும் நடக்கிற காரியம்போல. தினமும்தான் நடந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாது.

நேரே போய் அந்தப் பெட்டைக்கு முன்னால் நின்றேன்.

"இண்டைக்கு என்ன நாள்?"

அவள் சிரிப்பு நின்றது. "புதன்."

"புதன் உங்கடை முறையில்லை. எட்டாம் நாள் வந்து ஏறும். போய் உம்மடை அப்பப்பாவைக் கேளும், எட்டாம் நாள் எதெண்டு."

"அண்ணை!" என்றாள் தங்கை மேலேயிருந்து.

அந்தப் பெட்டை என்னை ஒருதரம் பார்த்தாள். சட்டென்று எழுந்து பொட்டுக்குள்ளால் ஓடினாள். அவள் எழுந்ததும் என் தங்கை இருந்த நுனி அப்படியே வந்து நிலத்தில் அடித்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயைப் பொத்திய விரல்களுக்கிடையால் இரத்தம் வழிந்தது.

அம்மா செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள். நான் அப்படியே நின்றேன். அப்பு வந்து, தங்கையைத் தூக்கி நிறுத்தி, வாயைத் திறந்து பார்த்தார். பிறகு, கோபமில்லாமல், வேலை தெரியாத ஒருவனுக்குச் சொல்வதுபோல என்னிடம் சொன்னார்:

"இறக்கிறதெண்டால் மற்றப் பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டல்லோ இறக்கோணும்."

பெரிய பங்குக்காரர் மேல் எனக்குள்ள கோபம் அன்றும் குறையவில்லை, இன்றும் குறையவில்லை. அவருடைய செத்த வீட்டுக்கும் நான் போகவில்லை. அந்தப் பேத்தி பிறகு எங்கள் வளவுக்கு வரவில்லை. வேலிப் பொட்டு அடைபட்டது. எங்கள் பக்கத்தால் அடைத்தார்களா, அவர்கள் பக்கத்தாலா என்று நான் விசாரிக்கவில்லை.

தங்கையின் நாக்கு ஒரு கிழமையில் ஆறியது. ஆறிய பிறகும், நான் வீட்டில் நிற்கும் நேரத்தில் அவள் அந்த மரத்தில் ஏறியதில்லை.